எட்டு மாதக் குழந்தையோடு யூட்டா கேன்யன்களில் டென்ட் போடலாமா?

நடைவண்டி:
ஏப்ரல் கடைசியில் யூட்டா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டு மாத மகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. சான் ஹோசேயிலிருந்து லாஸ் வேகாஸுக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார். ஜையன், பிரைஸ், கேப்பிடல் ரீஃப் என்ற மூன்று தேசியப் பூங்காக்கள், நடுவே எஸ்கலான்டே ஊர்ப் பக்கம், எல்லா இடத்திலும் டென்ட்தான். நடக்க நினைத்திருப்பது: ஜையனில் நேரோஸ் ஆற்றுக்குள் கொஞ்ச தூரம், எஸ்கலான்டே பக்கம் பீக்கபூ, ஸ்பூக்கி என்ற இரண்டு ஸ்லாட் கேன்யன்கள் (ஆள் நுழையுமளவே இடுக்கான பாறைப் பள்ளத்தாக்குகள்), கால்ஃப் கிரீக் அருவி, கேப்பிடல் ரீஃபில் கிராண்ட் வாஷ். குழந்தையை முதுகில் உட்கார வைத்துச் சுமக்கும் கம்பிச் சட்டம் போட்ட கேரியரும் வாங்கியாயிற்று. அம்மாதான் "பச்சைக் குழந்தையைப் பாலைவனத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பியா" என்கிறார். குழந்தையோடு போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கொங்குத்தேர்:
அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. ஆசை உங்களுக்கு, அலைச்சல் குழந்தைக்கு. அதற்கு ஒன்றும் ஞாபகம் இருக்கப் போவதில்லை. அந்தப் பாறை எங்கேயும் ஓடிப்போகாது. பாப்பாவுக்கு நாலு வயசாகட்டும், அவளே நடந்து வருவாள்.

உப்பேரி:
சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன், எங்கள் மகனையும் ஒரு வயதுக்கு முன்பே இந்தப் பக்கமெல்லாம் தூக்கிப் போயிருக்கிறோம். ஞாபகம் இருக்காது என்பதற்காக யாரும் தாலாட்டுப் பாடாமல் இருப்பதில்லையே அண்ணா. நடைவண்டி, தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் பாதியை அடித்துவிட்டுப் போங்கள்.

முதலில் அடிக்க வேண்டியது ஸ்பூக்கி. இரண்டு சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் திரும்பி, தோள்பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நுழைகிற இடம் அது. முதுகிலும் சரி, நெஞ்சிலும் சரி, குழந்தையைக் கட்டிக்கொண்டு போக வழியே இல்லை. பீக்கபூவில் நுழையும் இடத்திலேயே பாறையில் வெட்டிய குழிகளில் கால் வைத்து ஆள் உயரத்துக்கு மேல் ஏற வேண்டும். இரண்டுக்கும் போக ஹோல் இன் த ராக் என்ற மண் சாலையில் சுமார் 26 மைல் குலுங்க வேண்டும். வாடகைக் கார் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்துப் பாருங்கள், மண் சாலையில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

அடுத்தது நேரோஸ். ஏப்ரல், மே மாதங்களில் மலைப்பனி உருகி வர்ஜின் ஆறு ஏறிவிடும். நீர்வரத்து நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்காவே அதை மூடிவிடும். அதனால் அது உங்கள் கையில் இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் ரிவர்சைடு வாக் போதும். போக ஒரு மைல், தளம் போட்ட பாதை, ஆற்றை ஒட்டியே போகும், அம்மாவும் நடந்துவிடுவார்.

பிரைஸில் டென்ட் வேண்டாம். அங்கே பள்ளத்தாக்கின் விளிம்பே 8,000 அடி உயரத்துக்கு மேல். ஏப்ரல் இரவில் தண்ணீர் பாட்டில் உறைந்துவிடும். பகலில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பிச்சிப்பூ:
நான் குழந்தைகள் வார்டில் செவிலியர். உப்பேரி சார் நடையை மட்டும் பேசுகிறார். எனக்குக் கவலை இரவைப் பற்றித்தான்.

ஏப்ரல் கடைசியில் ஜையனில் பகல் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், விடியும் நேரம் 45க்கு வந்துவிடும். கேப்பிடல் ரீஃப் இன்னும் குளிர். பெரியவர்கள் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருண்டுகொள்வோம். இந்த வயதுக் குழந்தைக்குத் தளர்வான போர்வை, தலையணை எதுவும் கூடாது. முகத்தில் மூடினால் விலக்கத் தெரியாது. அப்பா அம்மாவின் ஸ்லீப்பிங் பேக்குக்குள் சேர்த்துப் படுக்க வைப்பதும் அதே ஆபத்துதான். காற்று அடைத்த மெத்தை அமுங்கும், அதுவும் சரியில்லை. பிறகு குளிர் தாங்காமல் சிலர் கேஸ் ஹீட்டரை டென்டுக்குள் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். தயவுசெய்து அதை நினைக்கவே நினைக்காதீர்கள்.

நல்ல வீட்டில், நல்ல கட்டிலில் படுக்கும் குழந்தையை எதற்கு இந்தச் சோதனைக்குள் தள்ள வேண்டும்?

உப்பேரி:
பிச்சிப்பூ, ஹீட்டர் விஷயத்தில் உங்களோடு ஒரு சொல்லும் மாறுபாடு இல்லை. மற்றதற்கு வழி இருக்கிறது. மடக்கும் தொட்டில் ஒன்றைக் கூடவே கொண்டுபோய் டென்டுக்குள் விரித்துவிடலாம், அடிப்பாகம் கெட்டியாக இருக்கும். போர்வைக்குப் பதில் உடலோடு மாட்டிக் கழுத்துக்குக் கீழே ஜிப் போடும் தூக்க உடை. உள்ளே கம்பளி நூலில் செய்த பாடி சூட். பருத்தி மட்டும் வேண்டாம், ஈரமானால் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கை சில்லிட்டிருக்கிறதே என்று பதறாமல் பிடரியில் தொட்டுப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வேர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றுங்கள்.

குளிரைவிடத் தொல்லை தருவது வேறு. லாஸ் வேகாஸிலிருந்து யூட்டா எல்லைக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். எட்டு மணிக்குத் தூங்கும் குழந்தை அங்கே ஒன்பதுக்குத்தான் தூங்கும். கேம்ப்கிரவுண்டில் பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. பக்கத்து டென்டுக்காரர் முகத்தைக் காலையில் பார்ப்பதுதான் பெரிய சங்கடம்!

மழைக்காகிதம்:
குழந்தை குட்டி இல்லாதவன், ஆனால் கயிறு கட்டி கேன்யன் இறங்குகிறவன். யாரும் இன்னும் வெள்ளத்தைப் பேசவில்லை என்பது ஆச்சரியம்.

2015 செப்டம்பர் 14 அன்று ஜையனில் கீஹோல் கேன்யனுக்குள் இருந்த ஏழு பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள். அதே நாளில் எல்லை ஊரான ஹில்டேலில் தாய்மாரும் குழந்தைகளும் இருந்த வண்டிகளைத் தண்ணீர் அடித்துப் போனது. 1997இல் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் பதினொரு பேர் போனார்கள், மழை பெய்தது மேலே பல மைல் தள்ளி. தலைக்கு மேல் நீல வானம் இருக்கிறதே என்று யாரும் தைரியமாக இருக்கக் கூடாது. இந்தப் பாறைப் பரப்பில் தண்ணீர் ஊறாது, விழுந்த அவ்வளவும் பள்ளத்தைத் தேடி ஓடும்.

நடைவண்டி சொல்லும் கிராண்ட் வாஷும் அப்படிப்பட்ட ஓடைப்படுகைதான். 2022 ஜூனில் கேப்பிடல் ரீஃபில் வந்த வெள்ளத்தில் கார்களே சிக்கிக்கொண்டன. நான் மட்டும் என்றால் கேரியர் இல்லாமல் பாறை மேல் தொற்றி ஏறிவிடுவேன். முதுகில் குழந்தையும் பக்கத்தில் அறுபது வயது அம்மாவும் இருந்தால் என்ன செய்வீர்கள்?

உப்பேரி:
நியாயமான கேள்வி. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் ஜூன் முதல் செப்டம்பருக்குள் நடந்தவை என்பதையும் பாருங்கள். இங்கே பருவமழை இடிமின்னல் பெரும்பாலும் ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை. ஏப்ரலில் வெள்ளம் வராது என்று சொல்லமாட்டேன், வாய்ப்பு குறைவு என்பேன். தேசிய வானிலை சேவை இந்தப் பூங்காக்களுக்கு வெள்ள வாய்ப்பை நாள்தோறும் தரம்பிரித்துச் சொல்கிறது. "எதிர்பார்க்கவில்லை" என்பதற்கு மேலே ஒரு படி ஏறியிருந்தாலும் அன்றைக்குக் கிராண்ட் வாஷ் கிடையாது. பெட்ரோகிளிஃப் பார்க்கப் போய்விடுங்கள், 24ஆம் நெடுஞ்சாலை ஓரத்திலேயே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள், அங்கே முற்காலத்தில் வாழ்ந்த ஃப்ரீமான்ட் மக்கள் பாறையில் கொத்திய மனித உருவங்களும் ஆடுகளும் தெரியும். தள்ளுவண்டியும் போகும்.

பிச்சிப்பூ:
வெள்ளத்துக்குத் தரம்பிரித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. குழந்தைக்கு நடுராத்திரி வாந்தி எடுத்தால்? எஸ்கலான்டேயிலிருந்து அருகில் இருக்கும் மருத்துவமனை பாங்விச்சில். சுமார் 70 மைல், மலைச்சாலை, இருட்டில் மான் குறுக்கே வரும். கால்ஃப் கிரீக் பள்ளத்தில் போன் சிக்னலும் கிடையாது. 911க்கு யார் சொல்வது?

இந்த வயதில் வறட்சி சீக்கிரம் வந்துவிடும். பாலைவனக் காற்றில் வேர்ப்பது தெரியாது, வேர்க்கும்போதே காய்ந்துவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் டயபர் நனையவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு உலர்ந்திருக்கிறது என்றால் அது ஹைக்கிங் முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சமாசாரம் இல்லை, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய சமாசாரம்.

கேரியரிலும் ஒரு விஷயம். சுமப்பவருக்கு வேர்த்து ஊற்றும். மேலே அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு நிழலில் குளிரும், வெயிலில் வேகும். உங்கள் சூட்டை வைத்து அவள் சூட்டைக் கணக்குப் போடாதீர்கள். வெயில் படுகிறதென்று மெல்லிய துணியைப் போட்டு மூடினாலும் உள்ளே வெப்பம் அடைபடும்.

கொங்குத்தேர்:
இப்படி ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்ட பிறகும் போகத்தான் வேண்டுமா? பாட்டியும் பேத்தியும் லாஸ் வேகாஸில் ஒரு நல்ல அறையில் இருக்கட்டும். நீங்கள் இரண்டு பேரும் போய்விட்டு வாருங்கள். எல்லாருக்கும் நிம்மதி.

நடைவண்டி:
வணக்கம், இந்தக் கணக்கிலிருந்து எழுதுவது அவர் மனைவி. பயணம் என் யோசனை. அதனால் பதிலும் நானே சொல்கிறேன்.

அவளுக்கு இன்னும் தாய்ப்பால்தான் பிரதானம், அதோடு கேழ்வரகுக் கஞ்சியும் மசித்த வாழைப்பழமும். பாட்டியோடு அறையில் விட்டுவிட்டு நான் எங்கே போவது? கொங்குத்தேர் ஐயா, பால் கட்டிக்கொண்டு வலிக்கும்போது எந்தப் பாறையும் அழகாகத் தெரியாது. எனக்குப் பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குள்ளேயே பல மாதம் ஓடிவிட்டது. எனக்கு வானம் வேண்டும். அவளுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கும்.

ஸ்பூக்கி, பீக்கபூ, நேரோஸ் மூன்றையும் விட்டுவிட்டோம். எஸ்கலான்டேயில் தங்குவதையும் விட்டாயிற்று. பிச்சிப்பூ சொன்ன அந்த 70 மைல் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. இவர் கால்ஃப் கிரீக் அருவியை மட்டும் விட மாட்டேன் என்கிறார். போக வர 6 மைல்தானே, மேடு அதிகம் இல்லையே என்கிறார். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உப்பேரி:
தங்கச்சி, 6 மைல் உண்மை. ஆனால் பாதி வழி உதிரி மணல், கால் புதையும். 20 பவுண்டு குழந்தை, 6 பவுண்டு கேரியர், தண்ணீர், டயபர் எல்லாம் முதுகில் ஏறிய பிறகு அந்த மணலில் மணிக்கு ஒன்றரை மைல் நடந்தாலே பெரிய விஷயம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையை இறக்கிக் கால் நீட்ட விட வேண்டும், பால் கொடுக்க வேண்டும், டயபர் மாற்ற வேண்டும். அந்தச் சிவப்பு மணல் டயபருக்குள் ஒரு சிட்டிகை போனால் போதும், தோல் உரிந்து இரவெல்லாம் அழுவாள். மாற்றும்போது கீழே துணி விரித்து, முதலில் உங்கள் கையைத் துடையுங்கள். அழுக்கு டயபரைப் புதைக்கக் கூடாது, இரட்டை ஜிப் பையில் போட்டு வெளியே கொண்டுவர வேண்டும். ஓரமாகப் போகலாமென்று பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம், அங்கே மண்ணின் மேல் கறுப்பாகப் பொருபொருவென்று இருப்பது உயிருள்ள படலம், மிதித்தால் மீண்டு வளர வருடக்கணக்கில் ஆகும்.

மொத்தத்தில் அரை நாளுக்கு மேல் ஓடிவிடும். அருவி 126 அடி, அழகுதான். ஆனால் இவரைத் தனியாக அனுப்புங்கள்.

மழைக்காகிதம்:
தனியாக அனுப்புவதா? சிக்னல் இல்லாத இடம் என்று இப்போதுதானே பேசினோம். அவர் கணுக்காலைப் பிசகிக்கொண்டால் மனைவி கைக்குழந்தையோடு கார் நிறுத்துமிடத்தில் என்ன செய்வார்? செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் போனாவது கையில் இருக்க வேண்டும். ஐபோன் 14 முதல் அந்த வசதி இருக்கிறது. ஆனால் திறந்த வானம் தெரிந்தால்தான் வேலை செய்யும், ஒடுங்கின கேன்யனுக்குள் நம்ப முடியாது.

நடைவண்டி:
சரி, திரும்ப நான், கணவன். அருவியும் போயிற்று. மிச்சம் ஜையனும் கேப்பிடல் ரீஃபும். டென்ட் இரண்டு இடத்திலும் உண்டு, அம்மாவுக்கு மட்டும் அறை. ஜையனுக்கு வெளியே ஸ்பிரிங்டேலில், கேப்பிடல் ரீஃப் பக்கம் டோரியில்.

அப்புறம் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டிக் கஞ்சி காய்ச்சலாமா?

பிச்சிப்பூ:
கூடவே கூடாது. வர்ஜின் ஆற்றில் 2020இலிருந்து நச்சு உண்டாக்கும் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் இருக்கிறது. அந்த நச்சு கொதிக்க வைத்தாலும் சாதாரண வடிகட்டியில் விட்டாலும் போகாது. குழந்தை கையை நனைத்து வாயில் வைத்துக்கொள்ளவும் விடாதீர்கள், அந்த வயதில் எல்லாமே வாய்க்குத்தானே போகும். பூங்காக் குழாயில் பிடியுங்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் என்று வையுங்கள்.

பாட்டியிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: அழுகிறாளே என்று நாக்கில் தேன் தடவ வேண்டாம், ஒரு வயது வரை தேன் கூடாது.

அறை போடுகிறீர்கள் என்பதில் எனக்குத் திருப்தி. ஆனாலும் நான் அக்டோபருக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். ஆற்றில் தண்ணீர் இறங்கியிருக்கும், குழந்தைக்கும் ஒரு வயது தாண்டியிருக்கும்.

உப்பேரி:
ஒரு வயதுக்கு மேல் நடக்க ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்தே! விளிம்பை நோக்கி ஓடுவாள், கேரியரில் உட்கார மாட்டாள், கண்ட கல்லையும் கிளப்பித் தேள் தேடுவாள். எட்டு மாதம் வைத்த இடத்தில் இருக்கும் வயது. என் கணக்கில் இதுதான் நல்ல நேரம்.

பிச்சிப்பூ:
எட்டு மாதம் வைத்த இடத்திலா? தவழும் குழந்தையைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது சார்? கேம்ப்ஃபயர் வளையத்தை நோக்கி முதலில் போவது யார் என்று நினைக்கிறீர்கள்?

உப்பேரி:
நெருப்பே மூட்ட வேண்டாம். காற்று வருகிற மாதம், பூங்காவும் சில நாள் தடை போடும். கேப்பிடல் ரீஃபில் ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்ட் பழத்தோட்டங்களுக்கு நடுவே புல்தரை, தவழ அதைவிட நல்ல இடம் யூட்டாவில் இல்லை. பக்கத்து கிஃபோர்டு வீட்டில் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ (pie) என்ற பலகாரம் விற்பார்கள், அம்மாவுக்குப் பிடிக்கும். மொத்தம் 71 இடம்தான், ஆறு மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்திருக்கும். நடைவண்டி, இன்றைக்கே உட்கார்ந்து ரத்தான இடம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

நடைவண்டி:
பார்த்தேன். ஒரே ஒரு இடம், ஒரே ஒரு இரவு, கழிப்பறைக்குப் பக்கத்தில். போட்டுவிட்டேன்.

கொங்குத்தேர்:
ஒரு இரவு தப்பித்தாள் பாப்பா. அம்மாவுக்கு டோரியில் எடுக்கிற அறையை மட்டும் இரட்டைக் கட்டில் போட்டதாக எடுங்கள் தம்பி. நடுராத்திரி எல்லாரும் அங்கேதான் வந்து கதவைத் தட்டப் போகிறீர்கள்.