பழைய சோறு சாப்பிட்டா மெசலமைனை நிறுத்தலாமா?

வியாசை_தம்பி:
அண்ணனுக்கு அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடல்ல அழற்சியும் புண்ணும் வர்ற நோய். அழற்சியைக் குறைக்கிற மெசலமைன் மாத்திரை நாளைக்கு 2.4 கிராம். ரத்தம் நின்னாச்சு, ஆனா மலத்துல குடல் அழற்சியைக் காட்டுற கால்புரோடெக்டின் 410னு வந்திருக்கு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில பழைய சோறு வச்சு ஆராய்ச்சின்னு கேள்விப்பட்டு, மாத்திரைய விட்டுட்டு அதையே சாப்பிடுறேன்னு நிக்கிறாரு. நல்ல பாக்டீரியா சேர்ந்தா நோய் போயிடுமா?

ராயபுரம்_மைக்ரோ:
ஸ்டான்லி ஆய்வு நிஜம்தான். மாத்திரைக்குப் பதில்னு எடுத்துக்கிறதுதான் வம்பு.

சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் கொஞ்சம் செரிக்காத வடிவத்துக்கு மாறும். அது பெருங்குடல் வரை போய்ச் சேர, அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு வேண்டிய எரிசக்தியில் சுமார் 70 சதவீதம் இதிலிருந்துதான். நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி-செல்களில் ஒரு பகுதி, மற்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்கும் 'டி-ரெக்' ஆக மாறவும் இது உதவும். 2013-ல் எலிகளில் காட்டினார்கள்.

சிக்கல் எங்கேன்னா, பியூட்டிரேட் தரும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் ஆகாது. அழற்சி உள்ள சுவரிலிருந்து ஆக்சிஜன் கசியும். அவை குறைந்து, ஆக்சிஜனைத் தாங்கும் ஈ.கோலை வகைகள் பெருகும். சளிப்படலமும் மெலிந்திருப்பதால் அவை நேராகச் சுவரில் ஒட்டும், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைச் சுரக்கும், அழற்சி இன்னும் ஏறும். இந்தச் சுழலை முதலில் மருந்துதான் உடைக்கணும். அப்புறம்தான் சோறு போடும் தீனிக்கு மதிப்பு.

லேப்_அக்கா_தண்டையார்பேட்டை:
தம்பி, கால்புரோடெக்டின் நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுவுல இருக்கிற புரதம். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தா இயல்பு. 250க்கு மேலேன்னா பெரும்பாலும் உள்ளே இன்னும் புண் இருக்கு. ரத்தம் நின்னது மட்டும் போதாது. ஆனா டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை போட்டாலும் ஏறும். அதை விட்டு ரெண்டு வாரம் கழிச்சு திரும்பப் பாருங்க. காலையில முதல் மலம், சிறுநீர் கலக்காம எடுக்கணும்.

அப்பவும் இறங்கலேன்னா டாக்டர்கிட்ட மெசலமைன் அளவைக் கூட்டுறதையும், கூடவே எனிமா வைக்கிறதையும் கேளுங்க. மாத்திரை மட்டும் போடுறதவிட ரெண்டும் சேர்ந்தா நல்லா கேட்கும். டிஎன்எஃப்-ஐ அடக்குற ஊசி மருந்து வரைக்கும் போனா காசநோய் டெஸ்ட் கட்டாயம்: உடம்புல உறங்குற காசநோய்க் கிருமியைக் கட்டி வச்சிருக்கிறதே அந்த டிஎன்எஃப்தான்.

வியாசை_தம்பி:
நன்றிக்கா. அப்போ சோறு வேணாமா?

ராயபுரம்_மைக்ரோ:
மாத்திரையோட சேர்த்துத் தாராளமா. கொதிக்கவச்சு ஆறின தண்ணி ஊத்தி, மூடி, 8 மணி நேரம் போதும். நம்ம ஊர் வெயில்ல 12 மணி தாண்டினா நாறிடும், அதைக் கொட்டிடுங்க. வயிறு வலிக்கும்போது பச்சை வெங்காயம் வேண்டாம், வாயு ஏத்தும். நெத்திலிக் கருவாட்டை விடச் சொல்ல எனக்கும் மனசில்ல, ஒரு துண்டோட நிறுத்தச் சொல்லுங்க. நோயெதிர்ப்பைக் குறைக்கிற அசதயோபிரின் மாத்திரை ஆரம்பிச்சா வீட்ல புளிக்கவைச்சதைத் தொடலாமான்னு டாக்டரைக் கேட்டுக்கணும்.