கழிச்சேற்றில் நிற்கும் எஃகுத் தூண்களின் அரிப்பைக் கணிப்பது எப்படி?

செம்பூர்வாசி: மும்பையை ஒட்டிய தாணே உப்பங்கழியில் கடல்நீரும் கழிவுநீரும் கலக்கும் சேற்றில் நிற்கும் எஃகுத் தூண்களின் ஆயுளைக் கணிக்க, மின்வேதி வினையின் வேகத்தை மின்னழுத்தத்தோடு இணைக்கும் பட்லர்–வோல்மர் சமன்பாட்டோடு ஆக்சிஜன் பரவலை மட்டும் சேர்த்தால் போதுமா?

மறுமொழி 1: போதாது, ஐயா. ஆக்சிஜன் எட்டாத சேற்றில் அரிப்பு ஏறக்குறைய நின்றுவிடும் என்றே அந்தக் கணித மாதிரி சொல்லும். ஆனால் அங்கேதான் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை உண்டாக்கி அரிப்பைத் தொடரச் செய்கின்றன. அவை இரும்பின் மேல் சேரும் ஹைட்ரஜனை நுகர்வதே காரணம் என்று 1934இல் முன்வைக்கப்பட்ட விளக்கம் மட்டும் இன்று போதுமானதாகக் கருதப்படுவதில்லை. சில இனங்கள் இரும்பிலிருந்து எலெக்ட்ரான்களை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன.

மறுமொழி 2: சதுர சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோ ஆம்பியர் அரிப்பு மின்னோட்டம் என்றால் எஃகில் ஆண்டுக்குச் சுமார் 0.0116 மி.மீ. தேய்மானம். பலர் இந்தச் சராசரியிலேயே நின்றுவிடுகிறார்கள். துளை விழுவது மிக ஆழமான குழியில் என்பதால், அளந்த பெரும ஆழங்களுக்கு, உச்ச மதிப்புகளின் நிகழ்தகவைச் சொல்லும் கம்பெல் பரவலைப் பொருத்துங்கள்.

செம்பூர்வாசி: நன்றி. சேற்றுப் பகுதியையும் அலை ஏறியிறங்கும் பகுதியையும் தனித்தனியே பொருத்துகிறேன்.