கில்பர்ன் ஜிடி: ஃபைபர்கிளாஸ் உடலைப் புதுப்பிப்பதும் முதலில் பாகங்களைப் பூட்டியவரைத் தேடுவதும்

கேள்வி:
வேல்ஸில் தயாரான கில்பர்ன் ஜிடி கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1965ஆம் ஆண்டு வண்டி என்று விற்றவர் கூறினார். ஆனால் இப்போதைய பதிவுச் சான்றைத் தவிர வேறு காகிதம் எதுவும் உடன் வரவில்லை. பானட்டின் மீது நட்சத்திர வடிவில் விரிசல்கள் உள்ளன. கதவுக்குக் கீழே ஓரிடம் உப்பியிருக்கிறது. பழைய பெயின்டை அகற்ற ரசாயனக் கரைப்பானைப் பயன்படுத்தலாமா? கிட்டாக (பூட்டாத பாகங்களாக) வாங்கி வீட்டில் இதைப் பூட்டியவர் யார் என்று கண்டறிய வழி உண்டா?

பதில் 1:
கரைப்பானைத் தொடவே தொடாதீர்கள். இரும்புத் தகட்டுக்காகச் செய்யப்பட்ட அந்த மருந்து பெயின்டோடு நிற்காமல் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேற்பூச்சையும் அதன் கீழே இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசினையும் இளக்கிவிடும். ஊறிய இடம் பிறகு புதுப் பெயின்டின் கீழ் கொப்புளமாகக் கிளம்பும். பொறுமையாக உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதே நல்லது, முகமூடி அவசியம்.

விரிசலைப் புட்டி வைத்து மூடினால் அது திரும்பவும் வெளியே தெரியும். விரிசலின் அடிவரை வி வடிவில் தேய்த்தெடுத்து, உட்புறத்தில் இழைப்பாயும் ரெசினும் வைத்து வலுவூட்டிய பிறகே வெளிப்புறத்தை நிரப்ப வேண்டும். கதவுக்குக் கீழே உப்பியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. இந்தக் காரின் ஃபைபர்கிளாஸ் கூடு இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மீது அமர்ந்திருக்கிறது. குழாய் துருப்பிடித்துப் பருத்தால் அதைச் சுற்றியுள்ள இழையைப் பிளந்துவிடும். ஆகவே அழகு வேலைக்கு முன் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள்.

பதில் 2:
உங்கள் காருக்கு உண்மையில் இரண்டு பூட்டுநர்கள். கசாப்புக் கடை நடத்திய கைல்ஸ் ஸ்மித்தும் ஜெர்மானியப் பொறியாளர் பெர்னார்ட் ஃபிரீஸும் 1959இல் தொடங்கிய நிறுவனம், பான்டிபிரித் அருகே லான்ட்விட் வார்ட்ரேயில் கூட்டைச் செய்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு முதலியவற்றைப் பொருத்தியவர் வாங்கியவர். முழுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி கிட்டுக்கு இல்லாததே அந்த வியாபாரத்தின் உயிர். 1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை போயிற்று, அதே ஆண்டில் கில்பர்னும் மூடப்பட்டது.

1970களில் ஸ்வான்சியிலுள்ள வாகன உரிமத் துறையில் பதிவுகள் ஒன்றுசேர்க்கப்படும் வரை உள்ளூர் கவுன்சில்களே பதிவேடு வைத்திருந்தன. தப்பியவற்றில் சில மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, வேறு சிலவற்றை டிராய்ட்விச்சிலிருந்த கிட்ஹெட் அறக்கட்டளை என்ற போக்குவரத்து ஆவணக் காப்பகம் சேகரித்தது. நம்பர் பிளேட் எழுத்துகள் எந்த மாவட்டத்துக்குரியவை என்று பார்த்து அங்கே கேளுங்கள். வாகன உரிமத் துறைக்கு, வாகன விவரம் கேட்பதற்கான வி888 படிவம் அனுப்பலாம். ஆனால் பழைய உரிமையாளரின் விவரத்தைத் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே தருவார்கள். கில்பர்ன் உரிமையாளர் மன்றத்துக்குச் சேஸிஸ் எண்ணோடு எழுதுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எஞ்சினில் ரிவிட் அடித்த தகட்டின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒவ்வொரு மீட்டரிலிருந்தும் தனித்தனிக் கறுப்பு ஒயர் ஒரே போல்ட்டுக்குச் செல்கிறது. முனைகளில் கையால் எழுதிய காகிதத் துணுக்குகள் கட்டப்பட்டிருக்கின்றன. இவற்றைக் கழற்றிவிடலாமா?

பதில் 2:
18ஜிபி என்பது 1964 இறுதியில் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு வந்த, சுழல்தண்டை ஐந்து பேரிங்குகள் தாங்கும் எஞ்சின். விற்றவர் சொன்ன ஆண்டோடு ஒத்துப்போகிறது. எனினும் எஞ்சினை இடையில் யாரேனும் மாற்றியிருக்கக்கூடும் என்பதால் அதை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. அந்த ஒயர்கள் எர்த்துக்கானவை, அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை: ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டருக்கும் தனி எர்த் இழுத்தாக வேண்டும். துணுக்குகளை இருந்த இடத்திலேயே படமெடுத்து, எந்த ஒயருக்குரியது என்று குறித்த பின்னரே கழற்றுங்கள். முதல் உரிமையாளரின் குடும்பம் கிடைத்தால், அவர்களிடமுள்ள பழைய கடிதத்தோடு ஒப்பிட அந்தக் கையெழுத்துதான் உதவும்.