கலைச்சொல் விவாதம்: ‘புண்படுத்தும் நகைச்சுவை’யா, ‘தாழ்த்துநகை’யா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பிறரை இழிவுபடுத்திச் சிரிக்கவைக்கும் நகைச்சுவைக்கு நம் சொற்பட்டியலில் எந்தக் கலைச்சொல்லை வைப்பது என்ற விவாதத்தில் ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘புண்படுத்தும் நகைச்சுவை’ என்றே வைத்துக்கொள்ளலாம். நாளிதழ்களில் புழங்குகிற தொடர், எல்லார்க்கும் புரியும்.

புரியும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தத் தொடர் எதை அளவுகோலாக நிறுத்துகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கேட்டவர் மனம் புண்பட்டதா என்ற ஒரே கேள்விதான் இதில் இருக்கிறது. மனம் புண்படுவதோ எளியவருக்கும் உண்டு, ஆட்சியில் இருப்பவருக்கும் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தது. அதையொட்டி முதலமைச்சரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் ஆடையின்றி வரைந்த கேலிச்சித்திரக்காரர் பாலா அடுத்த மாதமே கைது செய்யப்பட்டார். வரையப்பட்டவர்களை அந்தப் படம் புண்படுத்தியது என்று சொல்லிவிட முடியும். உடற்குறை உள்ள ஒருவரின் நடையைப் பார்த்து மேடையில் சிரிப்பதையும் அதே பெயரால் சொல்லிவிட முடியும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத சொல், பொருளை விளக்குவதற்குப் பதிலாகப் புகார் எழுதத்தான் உதவும்.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 8 ஜூலை 2024 அன்று ஒரு தீர்ப்பில் தெளிவாக வகுத்திருக்கிறது. ‘ஆங்க் மிச்சோலி’ என்ற இந்திப் படத்தில் மாற்றுத்திறனாளிகள் காட்டப்பட்ட விதத்தை எதிர்த்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயற்பாட்டாளர் நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கு அது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பார்திவாலா ஆகியோரின் அமர்வு படத்தில் தலையிடவில்லை. ஆனால் நகைச்சுவையை இரண்டாகப் பிரித்தது. ஊனத்தைப் பற்றி நாம் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கும் எண்ணங்களை அசைத்து, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளச் செய்வது ஒன்று. ஊனமுடையவரை இழிவுபடுத்தி மேலும் முடக்கிப்போடுவது மற்றொன்று. நம் சொற்பட்டியல் இந்த இரண்டுக்கும் இரண்டு சொற்களைத் தந்தாக வேண்டும்.

இரண்டாவதற்கு ‘முடக்குநகை’ என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். தீர்ப்பில் உள்ள ‘disabling humour’ என்ற சொல்லுக்கு மிக நெருக்கமான ஆக்கம் அது. எனினும் அதைக் கேட்டவுடன் ‘முடம்’ காதில் விழுகிறது. இத்தகைய சொற்களைத் தவிர்க்கும்படி அதே தீர்ப்பு அறிவுறுத்தியிருக்கும்போது, அதற்கான கலைச்சொல்லிலேயே அதை ஏற்றிவைப்பது முறையாகாது.

‘நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி’ என்ற குறளை எடுத்துக்காட்டி ‘இகழ்நகை’ என்று ஆக்கியவருக்கு என் வணக்கம். சொல் அழகாக இருக்கிறது, ஓசையும் நன்று. என் தயக்கம் ஒன்றே. பாலா வரைந்ததும் இகழ்ச்சிதான். அதிகாரத்தை இகழ்வது குடிமக்களின் உரிமை என்று கருதும் நாம், அதையும் இதற்குள் தள்ளிவிடக் கூடாது.

ஆகவே நான் ‘தாழ்த்துநகை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. முன்பு தாழ்த்தியதையும் இப்போது தாழ்த்துவதையும் இனித் தாழ்த்தப்போவதையும் ஒருங்கே சுட்டும். ‘தாழ்ந்தோர்’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்டோர்’ என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழர் எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை: முன்னது இயல்பு போல ஒலிக்கிறது, பின்னது யாரோ செய்த செயல் என்று சொல்லிவிடுகிறது. அந்தச் செயல்தான் இங்கே நமக்கு வேண்டிய பொருள். ஏற்கெனவே கீழே தள்ளப்பட்டவரைச் சிரிப்பால் இன்னும் கீழே தள்ளுவது தாழ்த்துநகை. உயரத்தில் இருப்பவரை மற்றவர்களோடு சமமாக நிற்கவைக்கும் கேலி இதில் அடங்காது.

யாரையும் இழிவுபடுத்தாத சொற்களையே ஆள வேண்டும் என்னும் ‘அரசியல் சரிநிலை’க்கு (political correctness) மாற்றாக ‘இடக்கரடக்கல்’ போதும் என்று குழுமத்தில் எழுந்த கருத்தை நான் ஏற்கவில்லை. இடக்கரடக்கல் அவையின் செவியைக் காப்பது. அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் ஏற்பாடு அது. பேசப்படுபவர் யார், அவர் நிலை என்ன என்பது அதற்குப் பொருட்டில்லை. மிக நாகரிகமான சொற்களாலேயே ஒருவரைத் தாழ்த்திவிட முடியும் என்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ‘அரசியல் சரிநிலை’ என்ற சொல்லை ஆதரிப்பவரும் பழிப்பவரும் ஒருபோலப் பயன்படுத்துகிறார்கள். எனவே அந்த விவாதத்தின் பெயராக அது அப்படியே இருக்கட்டும். பொதுவாழ்வில் இருப்பவரின் கடமையைக் குறிக்க மட்டும் ‘சொற்பொறுப்பு’ என்று தனிச்சொல் வேண்டும்.

அதன் தேவையை 2025 ஏப்ரல் உணர்த்தியது. அமைச்சராக இருந்த க. பொன்முடி ஒரு கூட்டத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்ணையும் சைவ, வைணவ அடையாளங்களையும் இணைத்து ஒரு கேலிக்கதை சொன்னார். கட்சிப் பொறுப்பை இழந்தார், மன்னிப்புக் கேட்டார். அம்மாத இறுதியில் அமைச்சர் பதவியிலிருந்தும் விலகினார். அப்போது எழுந்த குரல்களில் சமய உணர்வு புண்பட்டது என்பதே ஓங்கி ஒலித்ததாக எனக்குப் பட்டது. அந்தப் பேச்சில் சிரிப்புக்குப் பொருளாக்கப்பட்ட பெண்ணின் பொருட்டுக் கேட்ட குரல் மெலிதாகவே இருந்தது. நம்மிடம் ‘புண்படுத்துதல்’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தால், உரத்துச் சொல்லக்கூடியவரின் புண்தான் கணக்கில் வரும். அதே ஆண்டு ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த நகைச்சுவைக் கலைஞர்கள் தங்கள் யூடியூப் பக்கங்களிலேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சொற்பொறுப்பு அமைச்சர்களோடு நின்றுவிடுவதில்லை, ஒலிவாங்கியும் பார்வையாளரும் வாய்த்த எல்லாரையும் அது சேரும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி, தீர்ப்பு பிரித்த இரண்டில் முதல் வகைக்கான, அதாவது ஊனத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளச் செய்யும் நகைச்சுவைக்கான சொல். தொல்காப்பியம் நகைக்குக் களனாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கைச் சொல்கிறது. அவற்றுள் எள்ளலை, அந்நூலின் பழைய உரையாசிரியர்களுள் ஒருவரான பேராசிரியர் இரண்டாக்குகிறார்: தான் பிறரை எள்ளி நகுவது, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது. எள்ளப்பட்டவரும் சிரிக்கலாம், அந்தச் சிரிப்பு வேறு வகை என்று அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் பிரித்து வைத்திருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. பார்வையற்ற ஒருவர், தம்மைச் சாலையைக் கடக்கவைக்கத் துடிக்கும் அன்பர்களைப் பற்றி மேடையில் சொல்லிச் சிரிக்கவைக்கும்போது நடப்பது இதற்கும் ஒரு படி மேல். அங்கே சிரிப்புக்கு ஆளாவது பார்வையுள்ளவரின் அறியாமை. இதற்கு ‘நிமிர்நகை’ என்று ஒரு சொல் என் மனத்தில் இருக்கிறது.

ஆனால் அதை இப்போதே பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்களைப் பற்றிய எதையும் தங்களை விலக்கிவிட்டு முடிவுசெய்யக் கூடாது என்ற மாற்றுத்திறனாளிகளின் கோட்பாட்டை மேற்சொன்ன தீர்ப்பும் வலியுறுத்துகிறது. குழுமத்தில் மாற்றுத்திறனாளிகள் சிலர் இருக்கிறார்கள். ‘நிமிர்’ என்ற வினையே உடலின் ஒரு நிலையை உயர்வாக்கிப் பேசுகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களின் மறுமொழி வரும்வரை ‘தாழ்த்துநகை’, ‘சொற்பொறுப்பு’ ஆகிய இரண்டை மட்டும் வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.