அம்மாவின் முகச் சிவப்புக்கு ஒத்துவரும் சன்ஸ்கிரீன் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. இரண்டு வருடமாக மூக்கிலும் கன்னத்திலும் சிவப்பு. நாலு தோசை வார்த்துவிட்டு வந்தாலே முகம் திகுதிகுவென்று எரியும். கிட்டப் போய்ப் பார்த்தால் மூக்கோரம் நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரியும். மாநிறம் என்பதால் சிவப்பு சட்டென்று கண்ணில் படாது, எல்லோரும் "உடம்புச் சூடு" என்றே சொல்லிவிட்டார்கள்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஒன்றைப் போட்டார். நாலே நாளில் முகம் தெளிந்தது. நிறுத்தியதும் முன்னைவிட மோசம், கூடவே சின்னச் சின்னக் கொப்புளம். அதில் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. தயவுசெய்து டாக்டர் சொல்லாமல் யாரும் அதை முகத்தில் போடாதீர்கள்.

தோல் டாக்டர் இது ரொசேஷியா, அதாவது முகம் சிவந்து எரியும் நாள்பட்ட தோல் பிரச்சினை என்றார். மெட்ரோனிடசோல் ஜெல்லில் எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. சிக்கல் சன்ஸ்கிரீனில்தான். ஜிங்க் ஆக்சைடு உள்ளது, எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30க்குக் குறையாமல் போடச் சொன்னார். வாங்கியதோ சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக நிற்கிறது. கோயிலுக்குப் போகக்கூட அம்மா கூச்சப்படுகிறார், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

மாநிறத் தோலில் வெள்ளை படியாத, நிறம் கலந்த ஜிங்க் சன்ஸ்கிரீன் யாராவது பயன்படுத்துகிறீர்களா? வியர்த்தால் கண்ணில் வழிகிறதா? அடுப்பு அனலை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மஞ்சள், எலுமிச்சை, கடலை மாவு மட்டும் வேண்டாம். மூன்றையும் போட்டுப் பார்த்து எரிந்ததுதான் மிச்சம்.