நாலாவது பல்ப் பூட்டியதும் பியூஸ் போகிறது, என் கணக்கு எங்கே பிழை?

சோளகம் (உப்புவெளி):
என் வள்ளத்தில் 12 வோல்ற் பற்றரி, 24 வாற்ஸ் ஹலோஜன் பல்ப் இரண்டு, 5 அம்பியர் பியூஸ். இரண்டு வருடமாக ஒரு கரைச்சலும் இல்லை. போன கிழமை அணியத்தில் அதே மாதிரி இன்னும் இரண்டு பூட்டினேன். கோணேசர் மலை வெளிச்சம் தெரிகிற தூரத்தில் வலையை இழுத்துக்கொண்டு நிற்கிறோம், சுவிட்சைப் போட்டுப் பத்து எண்ணுவதற்குள் எல்லாம் இருட்டு.

பதினோராம் ஆண்டு படிக்கும் மகளின் கொப்பியைப் பார்த்து நானே கணக்குப் போட்டேன். ஒரு பல்புக்குத் தடை 6 ஓம், நாலுக்கும் 24. பன்னிரண்டை 24ஆல் பிரித்தால் அரை அம்பியர். அதற்கு ஏன் 5 அம்பியர் பியூஸ் உருகவேண்டும்? பியூஸ் தந்த கடைக்காரரோடு சண்டைக்குப் போக முதல் கேட்கிறேன்.

கணக்கு ரீச்சர்:
சண்டைக்குப் போகாதீர்கள் அண்ணா, அது பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் தொடர்ச் சுற்றுக்கான கணக்கு. ஒரு பல்பைக் கழற்றினாலும் மற்றவை எரிகின்றனதானே? அப்படியென்றால் சமாந்தரம், அதாவது ஒவ்வொரு பல்பும் தனித்தனியே பற்றரியோடு இணைந்திருக்கிறது. ஒவ்வொரு பல்புக்கும் முழு 12 வோல்ற்றும் கிடைக்கிறது. ஒன்றுக்கு 12 ÷ 6 = 2 அம்பியர். இரண்டுக்கு 4, பியூஸ் தாங்கியது. நாலுக்கு 8. மொத்தத் தடை 24 இல்லை, வெறும் 1.5 ஓம். திருவிழாவன்று கோயிலில் இன்னொரு வாசலையும் திறந்துவிட்டால் சனம் கூடத்தானே வெளியே வரும்?

சோளகம்:
சரி ரீச்சர், விளங்கியது. ஆனால் மீற்றரை வைத்து அளந்தால் ஒரு பல்ப் அரை ஓம்தான் காட்டுகிறது. அப்போது அது ஒன்றே 24 அம்பியர் இழுக்கவேண்டுமே?

வயர்மன் தம்பி:
நீங்கள் அளந்தது குளிர்ந்த இழையை, அண்ணன். எரியும்போது சூடேறி அதன் தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். மீற்றரை விடுங்கள், வாற்ஸை வோல்ற்றால் பிரியுங்கள்: 24 ÷ 12 = 2.

அப்புறம், 10 அம்பியர் பியூஸைப் போட்டுக்கொண்டு கடலுக்குப் போய்விடாதீர்கள். பியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. வயர் மெல்லிசு என்றால் பியூஸ் அப்படியே இருக்கும், வயர் கொதிக்கும், பக்கத்தில் பெற்றோல் கான். 6 வாற்ஸ் எல்.ஈ.டி. நாலு போடுங்கள். மொத்தமே 2 அம்பியர்தான், பழைய பியூஸே காணும்.

சோளகம்:
வயர் மெல்லிசுதான், தம்பி. நாளைக்கே எல்.ஈ.டி. வாங்குகிறேன். மகள் சிரிக்கிறாள், கொப்பியில் அடுத்த பக்கத்திலேயே சமாந்தரம் இருந்ததாம்.