கமடோர் 64: சிட் சில்லு இல்லாத பலகை, எதைத் தேடுவது?

கேள்வி:
மூன்று வருடத் தேடலுக்குப் பிறகு ஒரு கமடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி) கைக்கு வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் ஒலிக்கான சிட் சில்லின் சாக்கெட் காலி. பலகையின் மாதிரி எண் 250425 என்று இருக்கிறது. சிட்டில் இரண்டு வகை உண்டே, 6581 வாங்கவா, 8580 வாங்கவா? இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை, மனசு வரவில்லை.

பதில் 1:
6581. உங்கள் பலகை அந்தச் சாக்கெட்டுக்கு 12 வோல்ட் தருகிறது. 8580க்கு 9 வோல்ட்தான், அப்படியே செருகினால் போய்விடும். வாங்கும்போது சில்லு வேலை செய்யும்போது எடுத்த ஒலிப்பதிவைக் கேளுங்கள். மேலெழுத்தை அழித்து வேறு எண் அச்சிட்ட போலிகள் நிறைய.

பதில் 2:
சில்லு இருக்கட்டும், பழைய பவர் சப்ளையைச் செருகாதீர்கள்! வயதானால் அதன் 5 வோல்ட் ஏறிவிடும், முதலில் சாவது ராம் (நினைவக) சில்லுகள். அதன் வட்டமான டின் (DIN) பிளக்கில் 5ஆம் பின்னுக்கும் 2ஆம் பின்னுக்கும் நடுவே அளந்து பாருங்கள். இன்று சரியாகக் காட்டினாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை. புதிதாகத் தயாரித்த பவர் சப்ளையைத்தான் நான் நம்புவேன். அப்புறம், 1982இல் வந்த கமடோர் 64 கையேடான புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடின் கடைசியில் சுற்றுப்படம் உண்டு. இணைய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும்.

கேட்டவர்:
அளந்தேன், 5.9! நல்லவேளை, செருகவில்லை. மிக்க நன்றி.